பிள்ளையைப் பாட்டுக்கு எங்கே அனுப்புவது? ஆசிரியரின் கையையும் வகுப்பின் கதவையும் வைத்து ஓர் ஒப்பீடு

பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்தில் விஜயதசமிக்கு முன் பெற்றோர் கேட்பது வழக்கமாக ஒன்றுதான்: யாரிடம் சேர்த்தால் பிள்ளைக்குப் பாட்டு நன்றாக வரும்? இங்கே வாய்ப்பாட்டும் வயலினும் சொல்லிக் கொடுப்பவள் என்பதால் அந்தக் கேள்வி என்னிடமும் வரும். இந்த முறை வந்தவை வேறு மாதிரியான கேள்விகள்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தாய் எழுதுகிறார். பத்து வயது மகளின் வயலின் ஆசிரியர், அவளுக்குப் பின்னால் நெருங்கி உட்கார்ந்து இரண்டு கைகளையும் பிடித்து வாசிக்க வைக்கிறாராம். எல்லோரும் அப்படித்தான் கற்றுத்தருவார்களா, அல்லது ஆன்லைனுக்கு மாற்றிவிடலாமா என்று கேட்கிறார். எருத்தேம்பதியில் ஒரு தந்தை, மிருதங்கம் பயிலும் மகனைச் சனி, ஞாயிறு பொள்ளாச்சியில் ஆசிரியர் வீட்டிலேயே தங்க வைக்கலாமா என்று யோசிக்கிறார். மூன்றாமவர் பாலக்காட்டில் படிக்கும் கல்லூரி மாணவி. தனியாகப் பாட்டுக் கற்கும் இடத்தில், மூச்சுப் பயிற்சி என்று சொல்லி ஆசிரியர் வயிற்றில் கை வைக்கிறார். விலகினால் மேடை வாய்ப்பு போய்விடுமோ என்ற பயம் அவருக்கு.

இந்த ஆசிரியர் நல்லவரா என்று மூவருமே கேட்கிறார்கள். வெளியிலிருந்து அதை யாராலும் சொல்ல முடியாது. புகழ், வயது, பக்தி, குடும்பப் பழக்கம் எதுவும் அதற்குச் சான்று ஆகாது. வகுப்பு எங்கே, எப்படி, யார் பார்க்க நடக்கிறது என்பதை மட்டும் நாம் முடிவு செய்ய முடியும். அதனால் ஆட்களை விட்டுவிட்டு ஏற்பாடுகளை ஒப்பிடுகிறேன்.

## முதலில்: இசை கற்பிக்கத் தொட வேண்டுமா?

இதற்கு விடை தெரியாததால்தான் பல பெற்றோர் வாய் மூடியிருக்கிறார்கள். "அது அவர்கள் வித்தை, நமக்கு என்ன தெரியும்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஆகவே கருவி கருவியாகச் சொல்கிறேன்.

வாய்ப்பாட்டுக்குத் தொடுதல் தேவையே இல்லை. தாளம் போடுவது மாணவியின் கை, அவளுடைய தொடையில். ஆசிரியர் தன் தொடையில் போட்டுக் காட்டலாம். மாணவியின் தொடையில் தட்டிக் காட்டுவதற்கு எந்த நியாயமும் கிடையாது. "நாபியிலிருந்து குரல் வரட்டும்" என்று வயிற்றையோ விலாவையோ அழுத்துவதும் அப்படித்தான். பிள்ளையை மல்லாந்து படுக்கச் சொல்லி, அதன் வயிற்றின் மேல் அதன் பாட்டு நோட்டையே வைத்தால் போதும். மூச்சு இழுக்கும்போது நோட்டு எழும், விடும்போது இறங்கும். பிள்ளை தன் கண்ணாலேயே பார்த்துப் புரிந்துகொள்ளும். என் மாணவர்களுக்கு இந்த வழி நன்றாகவே பயன்படுகிறது.

வயலினில் சற்றுக் கவனம் தேவை. நம் முறையில் சம்மணமிட்டு அமர்ந்து, வயலினின் சுருள்முனையை வலது கணுக்காலுக்கு அருகே ஊன்றி, அடிப்பாகத்தை இடது தோளுக்கும் மார்புக்கும் இடையே அணைத்துக்கொள்கிறோம். கருவி அமரும் இடமே மார்பை ஒட்டி இருப்பதால் "சரி செய்கிறேன்" என்று நீளும் கை எங்கே படும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியர் எதிரே அமர்ந்து தன் கருவியில் அமர்த்திக் காட்ட வேண்டும். பக்கத்தில் ஒரு கண்ணாடி இருந்தால் மாணவி தானே திருத்திக்கொள்வாள். வில் பிடியை முதல் சில வாரம் பென்சிலில் பழக்கலாம். ஸ்வரங்கள் விழும் இடங்களைக் காட்ட விரற்பலகையில் மெல்லிய ஒட்டுநாடா போதும். மிஞ்சிப் போனால் சுண்டு விரலையோ மணிக்கட்டையோ நேராக்க வேண்டி வரும். அதையும் முன்னால் இருந்துகொண்டு, "உன் விரலைத் தொட்டுக் காட்டட்டுமா?" என்று கேட்டுவிட்டுச் செய்யலாம். பின்னால் உட்கார்ந்து இரண்டு கைகளையும் பிடிக்க வேண்டிய பாடம் வயலினில் ஒன்றுகூட இல்லை.

வீணைக்கும் மிருதங்கத்துக்கும் இதே அளவுதான்: விரல், மணிக்கட்டு, அதற்கு மேல் இல்லை. புல்லாங்குழலில் உதட்டை ஆசிரியர் தொட்டுத் திருத்தக் கூடாது, கண்ணாடி திருத்தும்.

பிரிட்டனில் இசைக்கலைஞர்களின் தொழிற்சங்கம், கருவி கற்பிக்கப் பிள்ளைகளைத் தொட வேண்டியதே இல்லை என்ற நிலைப்பாட்டை எடுத்து ஆசிரியர்களுக்கு அறிவுறுத்தியது. விரல் நுனியைக்கூடத் தொடக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தொடாமலே கற்பிக்க முடியும் என்பதைத் தொழில் செய்கிறவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

அடியும் இந்தக் கணக்கில் வரும். தாளம் தவறினால் முட்டியில் தட்டுவதும் காதைத் திருகுவதும் கண்டிப்பான குருவின் அடையாளம் என்று இன்னும் பெருமையாகப் பேசுகிறார்கள். பள்ளிகளில் உடல்ரீதியான தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு 2009லேயே தடை செய்துவிட்டது. பாட்டு வகுப்பில் மட்டும் அது எப்படிச் சரியாகும்? தன் உடம்பின் மேல் ஆசிரியருக்கு உரிமை உண்டு என்று அடி வாங்கிப் பழகிய பிள்ளை, வேறு விதமான தொடுதல் வரும்போதும் அதையே நினைத்து வாய் திறக்காமல் இருந்துவிடும்.

## எதை வைத்து அளப்பது?

முதல் அளவுகோல் பார்வை: வகுப்பு நடக்கும்போது மூன்றாவது ஆள் ஒருவர் எந்த நேரத்திலும் உள்ளே வர முடியுமா? இரண்டாவது, சொல்லும் இடம்: சங்கடம் நேர்ந்தால் ஆசிரியரைத் தவிர வேறு யாரிடம் முறையிடலாம்? மூன்றாவது பாட்டின் வளர்ச்சி, நான்காவது பணமும் நேரமும்.

ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் பெரியது: விலகும் வழி. இந்த ஆசிரியரை நாளைக்கே விட்டுவிட்டால் பிள்ளை எதையெல்லாம் இழக்கும்? பாடம், மேடை, போட்டி, ஊரில் நல்ல பெயர் எல்லாமே ஒரே ஆளின் கையில் இருந்தால், பிள்ளை தனக்கு நேர்வதைச் சொல்லாது. சொன்னால் பாட்டே போய்விடும் என்று அதற்குத் தெரியும். இங்கிலாந்தில் சிறார் பாலியல் கொடுமைகளை ஆராய்ந்த பொது விசாரணை, 2022 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில் இசைக்கென்றே நடக்கும் பள்ளிகளைப் பற்றி ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. தனித்து நடக்கும் பாடமும், மாணவரின் எதிர்காலம் ஆசிரியர் கையில் இருப்பதும், ஆசிரியரின் புகழும் சேர்ந்து பிள்ளைகளை ஆபத்தில் விட்டன. நம் குருபக்தி மரபில் இந்த மூன்றும் இன்னும் அழுத்தமாகவே இருக்கின்றன.

## ஆசிரியர் வீட்டில் தனி வகுப்பு

இந்தப் பகுதியின் வழக்கமே இதுதான். நல்ல ஆசிரியராக அமைந்தால் பாட்டு இதில்தான் மிக நன்றாக வளரும். ஒரு பிருகா, அதாவது வேகமாக உருளும் ஸ்வரத் தொடர், சரியாக விழும்வரை அந்தப் பிள்ளைக்கு மட்டுமே நேரம் செலவிட முடியும்.

பார்வை என்ற அளவுகோலில் இது கீழே. உள் அறை, சாத்திய கதவு, ஏசி போட்டிருக்கிறது என்ற காரணம். முறையிட யாரும் இல்லை. வீட்டில் இருக்கும் இன்னொருவர் ஆசிரியரின் குடும்பம்தான். விலகும் வழியும் குறுகல்.

மறைமுகச் செலவு பெற்றோரின் நேரம். பிள்ளையை இறக்கிவிட்டுக் கடைக்குப் போய் வரும் பழக்கத்தை விட்டு, வகுப்பு முடியும்வரை திண்ணையிலோ கூடத்திலோ உட்கார வேண்டும். அது முடிந்தால், ஆசிரியரும் முகம் சுளிக்காமல் கதவைத் திறந்து வைத்தால், இதைத் தேர்ந்தெடுக்கலாம். "தாய் பக்கத்தில் இருந்தால் பிள்ளைக்குக் கவனம் சிதறும்" என்று சொல்லும் ஆசிரியரிடம், பார்வைக்கு எட்டும் அடுத்த அறையில் இருக்கிறேன் என்று சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் வேறு இடம் பாருங்கள். காரணம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

திறந்த கதவு ஆசிரியரையும் காக்கிறது. என் வகுப்பில் கதவைச் சாத்துவதில்லை. யாரும் என்னைச் சந்தேகிக்க இடமில்லாமல் நிம்மதியாகச் சொல்லிக் கொடுக்க அதுவே வழி.

## ஆசிரியர் நம் வீட்டுக்கு வருவது

நம் கூடத்தில், நம் கண் முன்னே என்பதால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் தாய் சமையலறையிலும் தந்தை வேலையிலும் பாட்டி கோயிலிலும் இருக்கும் மாலையில், பழகிய மனிதர் என்பதால் கவனிப்பு குறைகிறது. சில மாதத்தில் அவர் "வீட்டு ஆள்" ஆகிவிடுகிறார், பிறகு பிள்ளையின் அறையிலேயே வகுப்பு நடக்கிறது. கட்டணமும் கூடுதல். கிராமத்துக்குள் தேர்ந்த ஆசிரியர் வருவதும் அரிது.

வீட்டில் பெரியவர் ஒருவர் கட்டாயம் இருக்கும் நேரத்தில், கூடத்தில் மட்டும் என்றால் சின்னப் பிள்ளைகளுக்கு இது நல்ல தொடக்கம்.

## குழு வகுப்பு, இசைப் பள்ளி, கோயில் மண்டபம்

ஏழெட்டுப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து சரளி, ஜண்டை என்ற தொடக்கப் பயிற்சிகளைப் பாடும் வகுப்பைத் தனிவகுப்பைவிடத் தாழ்வாக நினைப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். தொடக்க ஆண்டுகளுக்கு அது தவறான எண்ணம். சேர்ந்து பாடும்போது சுருதியும் காலப்பிரமாணமும் (சீரான வேகம்) நன்றாகவே நிற்கும். அத்துடன், ஒவ்வொரு பிள்ளையும் மற்றதற்குச் சாட்சி. ஆசிரியர் மாறினாலும் பள்ளி இருக்கும். அதனால் விலகும் வழியும் அகலம். கட்டணமும் குறைவு.

நிறுவனம் என்ற பெயர் மட்டும் காப்பாற்றிவிடாது. 2023 மார்ச் இறுதியில் சென்னை கலாக்ஷேத்திராவில் மாணவ மாணவியர் பாலியல் துன்புறுத்தல் புகாருடன் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். ஏப்ரலில் உதவிப் பேராசிரியர் ஒருவர் கைதானார். நாடே மதிக்கும் கலைநிறுவனத்திலேயே பிள்ளைகள் தரையில் உட்கார்ந்துதான் காது கேட்க வைக்க வேண்டியிருந்தது. ஆகவே சேர்க்கும் முன் அலுவலகத்தில் கேளுங்கள்: புகார் வந்தால் யார் விசாரிப்பார்? அந்தக் குழுவில் வெளியாள் உண்டா? பெயர்கள் சுவரில் ஒட்டியிருக்கின்றனவா? குழு வகுப்பு முடிந்தபின் "இவள் மட்டும் கொஞ்சம் இருக்கட்டும்" என்று நீளும் நேரத்தையும் கவனியுங்கள். குழு வகுப்பின் பாதுகாப்பு அந்த அரை மணியில் போய்விடும்.

உருப்படிகள் (முழுப் பாட்டுகள்) தொடங்கிய பின், தானே கற்பனை செய்து பாடும் மனோதர்மம் பழகும் கட்டத்தில், குழு மட்டும் போதாது. அப்போது இரண்டு மூன்று பேர் கொண்ட சிறு வகுப்பு, தனிவகுப்பை விட நல்லது.

## ஆன்லைன் வகுப்பு

உடலைத் தொட வழியில்லை என்பதால் பலரும் இதை முழுப் பாதுகாப்பாக எண்ணுகிறார்கள். தொடுதல் இல்லாத குற்றமும் குற்றமே. வகுப்பு நேரத்துக்கு வெளியே தனிச்செய்திகள், "பயிற்சி வீடியோ அனுப்பு" என்ற கோரிக்கை, நேரங்கெட்ட நேரத்து அழைப்பு இவையெல்லாம் இதன் மறைவான பக்கம். கணக்கு பெற்றோர் பெயரில் இருக்கட்டும். கைப்பேசி கூடத்தில் இருக்கட்டும். செய்திகள் பெற்றோர் எண்ணுக்கே வரட்டும்.

இசையில் இழப்பு உண்டு. ஒலி தாமதமாகப் போய்ச் சேர்வதால் ஆசிரியரும் மாணவரும் ஒன்றாகப் பாட முடியாது. கூடவே தாளம் போடவும் முடியாது. ஸ்வரங்களை அசைத்துப் பாடும் கமகத்தின் நுட்பம் மலிவான ஒலிவாங்கியில் தேய்ந்துவிடும். வயலின் தொடங்கும் பிள்ளைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடித்தளம் உள்ள பிள்ளைக்கும், எல்லைக் கிராமத்திலிருந்து நல்ல ஆசிரியரை எட்ட வேறு வழியில்லாதவர்களுக்கும், ஏற்கனவே ஒரு ஆசிரியரிடம் கசப்புற்று இடைவெளி வேண்டும் பிள்ளைக்கும் இது பெரிய உதவி.

## குருகுலத் தங்கலும் கலோத்ஸவப் பயிற்சியும்

இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன். இரண்டிலும் பிள்ளை விலக முடியாத நிலைக்குப் போகிறது.

குரு வீட்டில் தங்கிக் கற்றே நம் முன்னோர் பெரிய வித்வான்கள் ஆனார்கள் என்பது உண்மை. அதே வீடுகளில் சொல்லப்படாமல் போனவை எத்தனையோ. இரவு, குளியலறை, உறக்கம், பயணம் எல்லாம் ஒரே ஆளின் கூரையின் கீழ் நடக்கின்றன. பதினெட்டு வயதுக்குக் கீழான பிள்ளைக்கு, ஆணோ பெண்ணோ, இதை நான் ஒப்ப மாட்டேன். பையன் என்றால் பயமில்லை என்று நினைக்கிற பெற்றோரிடம் சொல்ல விரும்புகிறேன்: பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் ஒன்றே, ஏனென்றால் ஆபத்தும் இருவருக்கும் உண்டு.

கேரளப் பள்ளி மாணவர்களின் கலைப் போட்டி விழாவான கலோத்ஸவம் 1957இல் தொடங்கியது; இன்று அதற்கு மதிப்பெண் சலுகையும் ஊர்ப் பெருமையும் சேர்ந்திருக்கின்றன. உபஜில்லா, ஜில்லா, மாநிலம் என்று ஏற ஏற, தனியாகப் பயிற்சியாளரை வைத்து இரவு வரை வகுப்பு, போட்டிக்கு வெளியூர்ப் பயணம். "ஜனவரி வரைதானே, பொறுத்துக்கொள்" என்ற சொல்லை வீடுகளில் கேட்டிருக்கிறேன். எதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறோம் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். பயிற்சி பள்ளியிலேயே, பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்க நடக்கட்டும். பயணத்தில் பெற்றோர் ஒருவர் கூடப் போகட்டும். இது முடியாத ஆண்டில் போட்டியை விட்டுவிடலாம்.

| ஏற்பாடு | பிறர் பார்வை | முறையிட இடம் | விலகும் வழி | பாட்டின் வளர்ச்சி | மறைவான செலவு |
|---|---|---|---|---|---|
| ஆசிரியர் வீட்டில் தனி வகுப்பு | குறைவு. பெற்றோர் இருந்தால் நன்று | இல்லை | குறுகல் | மிக நன்று | பெற்றோர் காத்திருக்கும் நேரம் |
| வீட்டுக்கு வரும் ஆசிரியர் | நன்று, கவனம் தளராதவரை | பெற்றோர் மட்டும் | நடுத்தரம் | நன்று | கூடுதல் கட்டணம் |
| குழு வகுப்பு, இசைப் பள்ளி | மிக நன்று | நிர்வாகம், புகார்க் குழு | அகலம் | தொடக்கத்துக்கு நன்று | பின்னாளில் கூடுதல் வகுப்பு |
| ஆன்லைன் | கைப்பேசி கூடத்தில் இருந்தால் நன்று | பெற்றோர் | அகலம் | நடுத்தரம் | கருவி, இணையம், தனிச்செய்திகளைக் கவனிப்பது |
| தங்கிக் கற்றல், போட்டிப் பயிற்சி | மிகக் குறைவு | இல்லை | அடைபட்டது | நன்று | பிள்ளை வாய் திறக்க முடியாத நிலை |

## எல்லை தாண்டினால் புகார் எங்கே?

கேரள, தமிழ்நாட்டு எல்லையிலுள்ள வேலந்தாவளம், கோபாலபுரம் சோதனைச்சாவடிகளைத் தாண்டி வகுப்புக்குப் போய்வரும் பிள்ளைகள் இங்கே ஏராளம். ஏதாவது நேர்ந்தால் கேரளக் காவல் நிலையத்துக்கா தமிழ்நாட்டுக்கா என்ற குழப்பத்திலேயே பலர் அடங்கிவிடுகிறார்கள். குழம்ப வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். "அது எங்கள் பகுதி இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இரு பக்கமும் வேலை செய்யும்.

மலையாளம் எழுதப் படிக்கத் தெரியாத தமிழ்ப் பிள்ளைகள் இங்கே உண்டு. பிள்ளைக்குப் புரியாத மொழியில் புகார் பதிவானால் மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டும் என்று போக்சோவின் 19ஆம் பிரிவே சொல்கிறது, கேட்டு வாங்குங்கள். பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ எடுக்க வேண்டும், காவலர் சீருடையில் இருக்கக் கூடாது என்கிறது 24ஆம் பிரிவு.

ஆடைக்கு மேல்தானே தொட்டார் என்று சமாதானம் சொல்ல வருபவர்களுக்கு: பாலியல் நோக்கம் இருந்தால் ஆடைக்கு மேல் தொட்டாலும் குற்றம்தான் என்று 2021 நவம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம்பிக்கைக்குரிய நிலையில் இருப்பவர் இதைச் செய்தால் அது கடுமையான பாலியல் தாக்குதல். தண்டனை ஐந்து முதல் ஏழு ஆண்டு. இசைப் பள்ளி நடத்துபவர் தெரிந்தும் மறைத்தால் அவருக்கும் ஓராண்டு வரை சிறை உண்டு. "பள்ளியின் பெயர் கெட்டுவிடும், நமக்குள் பேசி முடிப்போம்" என்று வருபவரிடம் இந்தக் கடைசி வரியைச் சொல்லுங்கள்.

## கேட்ட மூவருக்கும்

கொழிஞ்சாம்பாறைத் தாய்க்கு: மகளை விசாரணை செய்வதுபோலக் கேள்வி கேட்காதீர்கள். "வகுப்பில் உனக்குப் பிடிக்காதது எது?" என்று கேட்டுவிட்டுப் பேச விடுங்கள். மகள் சொல்வதில் அச்சமூட்டும் எதுவும் இருந்தால் அடுத்த வகுப்பு வேண்டாம், 1098ஐ அழையுங்கள். அப்படி ஏதும் இல்லையென்றால் ஆசிரியரிடம் எதிரே அமர்ந்து கற்பிக்கச் சொல்லுங்கள். நீங்களும் கூடத்தில் இருங்கள். அவர் சங்கடப்பட்டாலும் முறையை மாற்றிக்கொண்டால் தொடரலாம். "என்னைச் சந்தேகப்படுகிறீர்களா" என்று கோபித்தால் குழு வகுப்புக்கு மாற்றுங்கள். ஆன்லைன் வேண்டாம், வில் பிடியே இன்னும் அமையவில்லை.

எருத்தேம்பதித் தந்தைக்கு: தங்க வைக்க வேண்டாம். கொழிஞ்சாம்பாறை வழியாகப் பொள்ளாச்சிக்குப் பஸ் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் கூட்டிப்போய், வாசலில் காத்திருந்து, மாலையில் அழைத்து வாருங்கள். ஒரு நாள் வருமானம் போகும் என்பது எனக்குப் புரிகிறது. வாரம் ஒன்றாகக் குறைத்துக்கொண்டாலும் மிருதங்கம் வரும்.

கல்லூரி மாணவிக்கு: விலகிவிடுங்கள். அந்த ஆசிரியர் மேடையின் உரிமையாளர் அல்லர். குருவாயூரில் செம்பை சங்கீதோத்ஸவம் என்ற இசை விழாவுக்குக் கோயில் நிர்வாகமான தேவஸ்வம் விண்ணப்பம் வாங்கித்தான் நேரம் ஒதுக்குகிறது. 2018 அக்டோபரில் கர்நாடக இசை உலகில் பாலியல் புகார்கள் வெளிவந்தபோது சென்னை மியூசிக் அகாதெமி ஏழு கலைஞர்களை அந்த ஆண்டு விழாவிலிருந்து நீக்கியது. அதுவரை அப்படி நடக்கும் என்று யாரும் எண்ணியிருக்கவில்லை. உங்களுக்குப் பதினெட்டு வயது ஆகிவிட்டதால் போக்சோ பொருந்தாது. குற்றங்களுக்கான பொதுச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 74, 75ஆம் பிரிவுகள் பொருந்தும். காவல் நிலையம் போகத் தயக்கம் என்றால், பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டந்தோறும் அமைக்கப்படும் உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் எழுதலாம். பாலக்காட்டில் ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். நடந்ததை நாள், நேரம், சொன்ன சொல் என்று இன்றே எழுதி வையுங்கள். கடைசியாக நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அந்தக் குழுவிடம் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பார்கள்.